பங்கிறைச்சியும் குடற்கறியும்

ஆடொன்று அடிபட்ட வீட்டில் முதலில் அடுப்பேறுவது இறைச்சியென்று எண்ணுவோர் வன்னிநிலத்துச் சமையலை அறியாதவராவர். முதலில் ஏறுவது இரத்தம், அதனையடுத்து ஈரல், மதியச் சாப்பாட்டுக்குக் குடல். தொடையும் விலாவும் உப்பும் மஞ்சளும் பூசப்பெற்று இரவுக் கறிக்காகக் காத்திருக்கும். இந்த வரிசையை எவரும் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியை அறியாத கிராமங்களில், வெயில் ஏறுமுன் கெட்டுப்போகக்கூடியது எதுவோ அதுவே முதலில் உண்ணப்படவேண்டும் என்ற நியாயமே இதனை வகுத்தது. தீபாவளி என்றதும் பலகாரத்தை நினைப்போர் பலர். எமது தலைமுறையில் வன்னியிற் பிறந்தவர்களிற் பலருக்கோ, பெருஞ்சீரகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும் குடற்கறியின் வாசனையே முதலில் நினைவுக்கு வரும்.

“ஞாயிற்றுக்கிழமை காலையிற் குடலைப் பற்றியா பேச்சு?” என்று முகஞ்சுளிக்கும் வாசகர் இருப்பர். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். இந்தக் கறியின் பின்னால் ஓர் ஊர் இருந்தது. அயலவரை அயலவரோடு கட்டிவைத்த ஒரு வழக்கம் இருந்தது. அவ்வழக்கம் தேய்ந்தமையாலேயே கறியும் தேய்கின்றது. ருசி மாறிவிட்டது என்று சொல்லி இதனைக் கடந்துவிட எமக்கு மனம் வரவில்லை.

அவ்வழக்கத்துக்குப் பங்கு என்று பெயர். ஒரு குடும்பம் தனியே ஓர் ஆட்டை வாங்கி அடித்து உண்பது அக்காலத்தில் இயலாத காரியம். இயன்றாலும், அத்தனை இறைச்சியை வைத்துக்கொள்ள வழியில்லை. ஆகவே பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை விலைபேசுவர். பண்டிகைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே பெரியவர் ஒருவர் வீடுவீடாகச் சென்று, “உங்களுக்கு ஒரு பங்கோ, அரைப் பங்கோ?” என்று கேட்டுவருவார். கையிற் பணமில்லாதவர் நெல் வெட்டியபின் தருவதாகச் சொல்வதும் உண்டு. அந்தச் சொல்லே போதுமானது.

கிளிநொச்சிப் பகுதியில் இந்தப் பங்குக்குத் தனியானதொரு மதிப்பு இருந்தமைக்குக் காரணமும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936ஆம் ஆண்டிலே தொடங்கிய குடியேற்றத் திட்டத்தின் பயனாக வளர்ந்த ஊர் கிளிநொச்சி. இரணைமடுக்குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறியவர்கள் ஒரே ஊரினரல்லர். தீவுப்பகுதியாரும் வடமராட்சியாரும் தென்மராட்சியாரும் அடுத்தடுத்த காணிகளில் வந்து அமர்ந்தனர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும் வன்னியெங்கும் சேர்ந்தன. இரத்த உறவு இல்லாத இடத்தில் உறவை உண்டாக்க மனிதர் எதையேனும் தேடுவரன்றோ? கோயில் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, வாய்க்கால் நீர் ஒன்று. எமது ஒழுங்கையில் நாலாவதாகப் பங்கும் இருந்தது.

பங்கு பிரிக்கும் காட்சியை நாம் சிறுவராய் நின்று பார்த்தது 1980களின் பிற்பகுதியில். வேப்பமரத்தின் கீழே தண்ணீர் தெளித்துக் கூட்டிய நிலத்திற் பனையோலைப் பாய் விரிக்கப்படும். அதன்மேல் வாழையிலைகள் வரிசையாய் இடப்படும். இலைக்கு ஒரு துண்டு தொடை, ஒரு துண்டு விலா, ஒரு துண்டு முதுகு என்று ஓர் எலும்பு ஓர் இலைக்குக் கூடாமலும் குறையாமலும் பரப்புவார்கள். தராசு கிடையாது, கண்ணே தராசு. இவ்வாறு இறைச்சி முடிந்தபின் ஈரல் வரும். ஒரே ஈரலைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி ஒவ்வோர் இலையிலும் வைப்பார்கள். பின்னர் இருதயம், குண்டிக்காய், மண்ணீரல், கொழுப்பு, இரைப்பை, குடல். சுண்டுவிரலளவு துண்டாயினும் எல்லா இலைக்கும் எல்லாம் சேரவேண்டும். அதுவே சட்டம். “எனக்கு ஈரல் கூடப் போடு, குடல் வேண்டாம்” என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. குடலை விரும்பாதவர் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். பங்கிலே மாற்றம் இல்லை.

இலைகள் நிரம்பியதும் ஒரு சிறுவனைப் பாய்க்கு முதுகு காட்டி நிறுத்துவார்கள். பெரியவர் ஓர் இலையைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்பார். சிறுவன் வாயில் வந்த வீட்டின் பெயரைச் சொல்லுவான். அவ்வளவே, அதற்குமேல் முறைப்பாடு கிடையாது. அந்தச் சிறுவனாய் நிற்க எமக்கும் ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. அன்று அடைந்த பெருமிதம் பின்னாளிற் பட்டம் பெற்றபோது அடைந்த பெருமிதத்திலும் சற்று அதிகம் என்றே சொல்லவேண்டும்.

ஆயினும் அந்தப் பாயிலே பூரண சமத்துவம் நிலவியது என்று கதை கட்ட நாம் விரும்பவில்லை. ஆட்டை அடித்து உரித்தவருக்குத் தலையும் கால்களும் கூலியாகச் சென்றன; அவர் பங்காளராகப் பாயருகே அமர்ந்ததை நாம் கண்டதில்லை. வேறு சில வீடுகளுக்குப் பங்கு கேட்கப்படவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதைச் சிறுவயதில் அறியோம்; பின்னர் அறிந்தோம். பழமையைப் போற்றுகையில் இதனை மறைத்துவிடுவது நேர்மையாகாது.

இனிக் கிணற்றடிக்கு வருவோம். பங்கு பிரிப்பது ஆண்களின் வேலை. அதனைப் பார்க்கச் சனம் கூடும். குடல் கழுவுவது பெண்களின் வேலை. அதனைப் பார்க்க எவரும் கூடுவதில்லை. ஆனால் கறியின் வெற்றி தோல்வி முழுவதும் அங்கேயே தீர்மானிக்கப்பட்டது. எமது வீட்டில் அம்மாவும் சின்னம்மாவும் கழுவ, பெரியம்மா எட்ட நின்று கட்டளையிடுவார். அவர் கேதாரகௌரி விரதகாரர். ஐப்பசி அமாவாசையில் விரதம் முடிந்து காப்புக் கட்டும்வரை மச்சத்தைத் தொடமாட்டார். தொடாமலே, உப்புப் பாராமலே, வாயினாற் சமைத்த பெருமை அவருடையது. “பிள்ளை, தண்ணியை மெல்ல ஊத்து. கழுவின தண்ணி தெளிஞ்சாத்தான் குடல் தெளிஞ்சது” என்று அவர் சொல்லிய சொல் இன்றும் எமது காதில் ஒலிக்கின்றது. துலாவில் அள்ளி ஊற்றும் வேலை எம்முடையது.

குடலைக் கழுவும் முறையை இக்காலப் பிள்ளைகள் அறியாராதலின் சற்று விரித்துச் சொல்லுவோம். சிறுகுடலை முழ நீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையிலிருந்து தண்ணீர் விட்டு மறுமுனையால் வெளியேற்றுவார்கள். பின்பு தென்னோலை ஈர்க்கு ஒன்றை உட்செலுத்தி, குடலின் நுனியை அதிற் பிடித்து, சட்டையின் கையைப் புறம்மாற்றுவதுபோல உட்பக்கத்தை வெளியே கொணர்வார்கள். இங்கே கை பதறினாற் குடல் கிழியும். புறம்மாறிய குடலிற் கல்லுப்பும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் இட்டுப் பிசைந்து, மீண்டும் மீண்டும் அலசவேண்டும். இரைப்பையின் வேலை வேறு. அதனைக் கொதிநீரிற் சில கணம் அமிழ்த்தி எடுத்தால், உள்ளே பூந்துவாலை போன்றிருக்கும் கருமையான தோல் இளகும்; அதனைச் சிரட்டை விளிம்பாற் சுரண்ட வெண்ணிறமான பை வெளிப்படும். நேரம் தவறி அதிகமாய் வெந்தாலோ தோல் இறுகிக்கொள்ளும். பிறகு எத்தனை சுரண்டினும் வராது. எத்தனை கணம் என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. கைக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்குத் தெரிவதில்லை.

கழுவிய குடலை எமது வீட்டிற் சடை பின்னுவதுபோற் பின்னி, பின்பே வெட்டுவார்கள்; வெந்தபின் ஒவ்வொரு துண்டும் வாயில் நிற்பதற்கு அது உதவும். மண்சட்டியிற் சின்ன வெண்காயமும் உள்ளியும் இஞ்சியும் கருவேப்பிலையும் வதங்கியபின், குடலும் பையும் சேரும்; வறுத்திடித்த கறித்தூள் சேரும்; அதன்மேல் இரண்டாம் மூன்றாம் பாலை நிறைய விட்டு மெல்லிய தணலில் இரண்டு மணிநேரம் வேகவைப்பார்கள். அவசரப்படும் அடுப்புக்குக் குடல் வசப்படாது. வெந்து கரண்டிக்கு இடங்கொடுத்தபின் முதற்பால், இறக்கும் தறுவாயில் வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகமும் மிளகும், இறக்கியபின் தேசிக்காய். சோற்றுக்கும் ஆகும், புட்டுக்கும் ஆகும். எம்மைக் கேட்டாற் புட்டுக்கே என்போம். புட்டின் துகள் அந்தக் குழம்பைக் குடிப்பதுபோற் சோறு குடிப்பதில்லை.

இரத்த வறையைக் குறித்து ஒரு வார்த்தை. ஆட்டின் இரத்தத்தை உப்பிட்ட பாத்திரத்தில் ஏந்துவார்கள். அது உறைந்தபின் கொதிநீரில் அவித்து, ஆறவைத்து, கையால் உதிர்த்து, வெண்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, முருங்கையிலை ஆகியவற்றோடு வறுத்தெடுப்பார்கள். பார்வைக்குக் கருமை; வாய்க்கு ஈரலின் சாயல். எமது ஒழுங்கையில் இதனைக் காலை ஒன்பது மணிக்கே பாணோடு உண்டு முடித்துவிடுவார்கள்.

இத்தனையும் ஏழை நாட்டின் பழக்கம் என்று எண்ணிவிடலாகாது. எம்மை ஆண்ட ஆங்கிலேயரின் வீட்டு மேசையிலும் இதே பொருள் இருந்தது. இங்கிலாந்தின் வடபால் உள்ள லங்காஷயர்ப் பகுதியில், பஞ்சாலைத் தொழிலாளரின் பிரியமான உணவுகளுள் ஒன்று மாட்டு இரைப்பையும் வெண்காயமும். சுத்தம் செய்து வெளுத்த இரைப்பையைத் துண்டாக்கி, வெண்காயத்தோடு பாலில் மெல்லென வேகவைத்து, மாவிட்டுத் தடிப்பாக்கி, வெள்ளை மிளகு தூவி உண்பார்கள். அவர்கள் பசும்பாலில் வேகவைத்தார்கள்; நாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்தோம். இரண்டு நாட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றனர்: உரமான இந்தத் தசையை வசப்படுத்த மெல்லிய நெருப்பும் பாலின் கொழுப்பும் வேண்டும் என்பதே அது. எங்கள் கொழும்பிலும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்த ‘பாபத்’ என்னும் பெயரோடு மாட்டு இரைப்பைக் கறி விலையாவதை நகரவாசிகள் அறிவர்.

1920இல் லங்காஷயர் இரைப்பை வியாபாரிகள் பலர் ஒன்றுசேர்ந்து ஒரு பெருநிறுவனத்தையே அமைத்தனர். அதற்குக் கடைகளும், வெள்ளைத் துணி விரித்த மேசைகளோடு கூடிய உணவுச்சாலைகளும் ஊர்தோறும் இருந்தன. ஜோர்ஜ் ஓர்வெல் என்ற எழுத்தாளர் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வை ஆராயச் சென்றபோது விகன் நகரில் ஓர் இரைப்பைக் கடையின் மேல்மாடியில் தங்கினார். 1937இல் வெளிவந்த அவருடைய நூல் அக்கடையின் அழுக்கை வருணித்தே தொடங்குகின்றது. வடநாட்டார் சிலருக்கு அந்த வருணனையில் இன்றும் மனத்தாங்கல் உண்டாம்! இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 மார்ச் முதல் 1954 யூலை வரை பிரித்தானியாவில் இறைச்சி பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது. உள்ளுறுப்புகளோ பெரும்பாலும் அந்தப் பங்கீட்டுக்குப் புறம்பாயிருந்தன. கிடைத்தபோது குடும்பங்கள் அவற்றாற் சமாளித்தன. பங்கீடு ஒழிந்தது, கையிற் காசு வந்தது, நல்ல இறைச்சி மலிந்தது. இரைப்பைக் கடைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ‘எங்கள் பாட்டி சமைப்பாள்’ என்ற பேச்சு மாத்திரம் மிஞ்சியது.

ஸ்கொத்லாந்துக்காரர் இதற்கு விலக்கு. ஆட்டின் ஈரல், இருதயம், நுரையீரல் ஆகியவற்றைக் கொத்தி, ஓட்ஸ் தானியமும் கொழுப்பும் சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள்ளேயே அடைத்து அவிக்கும் ‘ஹகிஸ்’ என்ற பண்டத்தை அவர்கள் கைவிடவில்லை. காரணம், றொபேட் பேண்ஸ் என்ற அவர்களுடைய கவிஞர் 1786இல் அதனை விளித்து ஒரு கவிதை பாடிவைத்தார். அவர் பிறந்த சனவரி 25ஆம் நாளில் அக்கவிதையைப் படித்து, ஹகிஸை வெட்டி, உலகெங்கும் உள்ள ஸ்கொத்லாந்தியர் விருந்துண்கின்றனர். ஆட்டு நுரையீரல் சேர்ந்த பண்டத்தை அமெரிக்கா 1971இல் தடுத்தபோது அவர்கள் அதனைத் தேசிய அவமானமாகவே கருதினர். எங்கள் புலவர்கள் குடற்கறியைப் பாடாது விட்டது குடற்கறியின் துரதிர்ஷ்டம்.

பாடாமைக்கு நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளுவோம். ஆறுமுக நாவலர் (1822–1879) உயிர்ப்பலியையும் புலாலுண்ணலையும் வன்மையாகக் கண்டித்தவர். அவருடைய சைவ வினாவிடையைப் பாலபாடமாகப் படித்த சமூகம் எம்முடையது. சைவசமயத்தவராகிய நாம் ஒரு கல்லூரியிற் பாடம் சொல்லிக்கொண்டு குடலைப் புகழலாமா என்று நண்பரொருவர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயமிருக்கின்றது. எமது வீட்டிலேயே வெள்ளிக்கிழமை, விரதநாள், திருவிழாக்காலம் என்று ஆண்டிற் பாதி மரக்கறியே. மச்சம் உண்ணாதோரை நாம் மதிக்கின்றோம். ஆனால் உண்போருக்கு ஒரு கடமை உண்டு என்பது எமது அபிப்பிராயம். உயிரொன்றைக் கொன்றபின் அதன் தொடையை மாத்திரம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குழியிற் போடுவது, முழுவதையும் உண்பதிலும் பார்க்கக் கொடிது. பங்கு போட்ட எமது முன்னோர் வறுமையினால் மாத்திரம் அப்படிச் செய்யவில்லை என்றே நினைக்கின்றோம். ஆட்டின் தோல் பறைக்குப் போனது; கொம்பும் குளம்பும் தென்னைக்குப் போயின; வீணானது எதுவுமில்லை.

இனி அந்தக் கறி எப்படித் தேய்ந்தது என்று பார்ப்போம். லங்காஷயரில் அதனை ஒழித்தது செல்வம். வன்னியிலோ கதை வேறு. 1990இல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பசளை இல்லை, மின்கலம் இல்லை. சனங்கள் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். யாம் போத்தலிற் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு அந்த வெளிச்சத்திலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். ஆடு தடைப்பட்டியலில் இருக்கவில்லை; காட்டோரத்திலே குழைதின்று வளர்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆகவே தடைக்காலத்திற் பங்கு அழியவில்லை; வலுப்பட்டது என்றே சொல்லலாம். வெளியிலிருந்து வரவேண்டிய மல்லியின் விலை ஏறியபோது தூளில் மல்லி குறைந்தது; மிளகாய் கூடியது. கறி உறைத்தது, அவ்வளவே.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் புறப்பட்டனர். அடுத்த ஆண்டு அவர்களிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரிற் கிளிநொச்சிப் பட்டினமே இடம்பெயர்ந்தது. அக்கராயனிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் மரநிழல்களிற் குடும்பங்கள் இருந்தன. அந்நாளிலும் பங்கு போட்டவர்களை நாம் அறிவோம். முன்பின் அறியாத ஆறு குடும்பம் ஒரு மறியை வாங்கி, இலை விரித்து, ஒரு பிள்ளையை முதுகு காட்டி நிறுத்தியபோது, பிள்ளைக்கு வீட்டுக்காரரின் பெயர்கள் தெரியவில்லை. “பாலைமரத்தடி ஆக்கள், நீலத் தறப்பாள் ஆக்கள்” என்று அடையாளஞ் சொல்லியே பிரித்தார்களாம்.

2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் நிகழ்ந்த இறுதி இடப்பெயர்வே முறித்தது. ஒவ்வோர் இடமாக முல்லைத்தீவுக் கரையை நோக்கி நகர்ந்த சனங்கள் ஆடுமாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டுச் சென்றார்கள். பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அங்கே அரிசியும் பருப்பும் மாவும். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீளக் குடியேறியவர்கள் காணியைக் கண்டார்கள், கிணற்றை இறைத்தார்கள், வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஆடுகளை வளர்த்தார்கள். ஆனால் பங்கு கேட்டு வீடுவீடாகச் சென்ற பெரியவர்கள் பலர் திரும்பவில்லை. குடல் கழுவத் தெரிந்த கைகள் பல திரும்பவில்லை. எஞ்சியவரிற் சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர்.

இப்பொழுது கிளிநொச்சியிலே இறைச்சி வேண்டின் கடைக்குச் சென்று கிலோக் கணக்கில் வாங்கலாம். பரிசோதிக்கப்பட்ட இறைச்சி கிடைப்பது நன்மையே. 1893ஆம் ஆண்டுக் கசாப்புக் கட்டளைச் சட்டம் முதலாக அரசாங்கம் இத்தொழிலை ஒழுங்குபடுத்தி வந்ததற்குச் சுகாதார நியாயம் உண்டு. ஆனாற் கடையிற் குடலும் ஈரலும் தனிப்பொருள்கள், வேண்டியவர் வாங்குவர். இரத்தமோ கடையில் இல்லை. நாட்டில் ஆட்டிறைச்சிக் கடைகளிற் பல முஸ்லிம் சகோதரர் நடத்துவன. அவர்களுடைய மார்க்கத்தில் இரத்தம் விலக்கப்பட்டது. ஆகவே பங்கு ஒழிந்த ஊரில் இரத்த வறைக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டு நகரங்களிலே இரத்தப் பொரியலும் குடற்குழம்பும் உணவுச்சாலைகளில் விலையாகின்றன. சமைக்க மறந்தவரும் அங்கே உண்ணலாம். வன்னியிலோ அது வீட்டுப் பண்டமாகவே இருந்தது. வீடு மறந்தால் மறந்ததுதான்.

மாணவர்களிடம் ஈரலைப் பற்றிக் கேட்டாற் சிலர் கைதூக்குகின்றனர். குடலைப் பற்றிக் கேட்டாற் சிரிப்பொலி எழுகின்றது. அவர்களுக்கு விஞ்ஞானத்தைச் சொன்னாற் சற்றே செவிசாய்ப்பர். உயிர்கொல்லியாயிருந்த ஒருவகை இரத்தசோகை, நாள்தோறும் ஈரல் உண்பதனால் தணிவதை மைனட், மேர்பி என்ற அமெரிக்க வைத்தியர் இருவர் 1926இல் வெளியிட்டனர். அதற்கு வழிகாட்டிய விப்பிளும் அவர்களும் 1934இல் நோபல் பரிசு பெற்றனர். ஈரலில் மறைந்திருந்த அப்பொருள் விற்றமின் பி12 என 1948இற் பிரித்தெடுக்கப்பட்டது. அதே காலப்பகுதியிற் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர், கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளப் பெண்களின் சோகைக்கு மருந்து தேடி ஆராய்ந்தார். இன்று போலிக் அமிலம் என்று வைத்தியசாலையிற் கொடுக்கும் குளிசைக்கு அவருடைய ஆராய்ச்சியே தோற்றுவாய். எங்கள் பள்ளிக்கூடங்களிலே வெளிறிய முகத்தோடு காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாயிலே பன்னிரண்டாய் வெட்டுண்ட ஈரல் எமது நினைவுக்கு வருகின்றது. இரும்புச்சத்து மிகுந்த அந்தச் சுண்டுவிரல் துண்டு எல்லா வீட்டுக்கும் போனது. அரைப் பங்கு எடுத்த வீட்டுக்கும் போனது.

எச்சரிக்கையும் வேண்டும். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம். ஆதலாற் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கும்படி பிரித்தானிய வைத்தியர் இன்று அறிவுறுத்துகின்றனர். மூட்டுவாதமாகிய ‘கவுட்’ நோயுள்ளவர்களுக்கும் கொலஸ்திரோல் மிகுந்தவர்களுக்கும் உள்ளுறுப்பு ஆகாது. இரத்தமும் குடலும் அரைவேக்காட்டில் உண்ணத்தக்கவையல்ல. ஆண்டில் இரண்டு மூன்று நாளைக்கு என்றிருந்த பண்டத்தைக் கிழமைதோறும் உண்ணத் தொடங்கினால் அது முன்னோர் வழக்கமாகாது.

சென்ற ஆண்டுத் தீபாவளிக்கு எமது ஒழுங்கையில் மீண்டும் பங்கு போட்டார்கள். இளைஞர் ஒருவர் கைத்தொலைபேசியில் எல்லோருக்கும் செய்தி அனுப்பி ஆள் சேர்த்தார். எட்டு வீடு சேர்ந்தது. முன்னாளிற் கேட்கப்படாத வீடுகளுள் இரண்டும் அந்த எட்டில் இருந்தன. வாழையிலைக்குப் பதிலாகப் பொலித்தீன் விரித்தார்கள். கண்ணுக்குப் பதிலாகத் தராசு வைத்தார்கள். ஈரலை எட்டாக வெட்டினார்கள். குடலை வெட்ட முற்பட்டபோது ஐந்து வீட்டார் வேண்டாம் என்றனர். மிச்சத்தை மூன்று வீட்டார் எடுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருத்தி, மணமாகி ஓராண்டான பெண், எமது வீட்டுப் படலையடியில் வந்து நின்று, “ரீச்சர், இதை எப்பிடிக் கழுவிறது?” என்று அம்மாவை நோக்கியவாறே எம்மைக் கேட்டாள். அம்மாவுக்கு இப்போது எண்பது வயது, கை நடுங்கும். ஈர்க்கு ஒன்றை முறித்துவரச் சொன்னார். தண்ணீர் இறைக்க மோட்டார் இருந்தது. இரண்டு மணிநேரம் சென்றது.

இரத்தத்தைச் சட்டியில் ஏந்தியிருந்தார்கள். கேட்பார் ஒருவரும் இல்லை. அதனைத் தென்னையடியில் ஊற்றிவிட்டார்கள்.